கம்பெனிக் கூரை சோலாரில் கோளாறா? ஏணியை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

"சார், பேனல் போயிருச்சு" என்றுதான் எனக்கு வரும் போன்களில் பாதி ஆரம்பிக்கும். திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் பனியன் கம்பெனி, தறிக்கூடம், குடோன், கல்யாண மண்டபம் என்று கூரை சோலாருக்குச் சர்வீஸ் பார்ப்பவன் நான். பேனல் உண்மையிலேயே போன இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போவதெல்லாம் இணைப்புகள்: கேபிள் நுனியில் சரியாக அழுத்தாத லக், பாதி மாட்டிய கனெக்டர், இறுக்காத போல்ட், தப்பான இடத்தில் போட்ட சி.டி. (கரண்டை அளக்கும் வளையம்). பொருத்திய அன்றே விதைத்த கோளாறுகள் இவை. முளைக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

20 முதல் 100 கிலோவாட் வரை, பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும், ஸ்ட்ரிங் இன்வெர்ட்டர் வைத்த அமைப்புக்காக இதை எழுதுகிறேன். சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்த பேனல்கள்தான் ஸ்ட்ரிங். அதன் டி.சி.யை ஈபி மாதிரி ஏ.சி.யாக மாற்றும் பெட்டி இன்வெர்ட்டர். உங்களிடம் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு இழுப்பது கடைசியில்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஈபி மெயினை இறக்கிவிட்டால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வெயில் இருக்கும் வரை பேனல் ஒயரில் மின்சாரம் இருக்கும். 18 பேனல் சேர்ந்த ஒரு ஸ்ட்ரிங்கில் 800 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் வெல்டிங் அடிப்பது போலப் பொறி இழுக்கும், தானாக அணையாது.

நிறுத்தும் வரிசை இதுதான்: முதலில் ஏ.சி. பிரேக்கர், அப்புறம் இன்வெர்ட்டருக்குக் கீழே உள்ள டி.சி. சுவிட்ச். ஐந்து நிமிஷம் பொறுத்து, ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கனெக்டரில் கை. திரையைப் படிப்பது, பில்லைப் பார்ப்பது, கீழே நின்று கண்ணால் பார்ப்பது யாரும் செய்யலாம். பெட்டியைத் திறப்பது உங்கள் எலக்ட்ரீஷியன் வேலை. டி.சி. பக்கம் சோலார் தெரிந்த ஆள் மட்டும். மீட்டர் 1000 வோல்ட் டி.சி. தாங்கும் மீட்டராக இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் வாங்கிய மஞ்சள் மீட்டர் இங்கே உதவாது.

## திரை இருட்டாக இருக்கிறது, ஒன்றுமே ஓடவில்லை

ராத்திரியா? பல இன்வெர்ட்டர்களின் திரைக்குப் பேனலில் இருந்துதான் மின்சாரம் வருகிறது. இருட்டிய பிறகு அணைந்திருப்பது கோளாறு இல்லை. சிரிக்காதீர்கள், மாதம் ஒரு போனாவது இதற்கு வரும்.

பகல்தான், ஆனால் ஈபி இல்லை. அப்படியென்றால் ஓடக்கூடாது. லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அது நிற்கிறது. மின்சாரம் திரும்பியதும் உடனே வராது. குறைந்தது 60 விநாடி லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேரும். சில இன்வெர்ட்டர்கள் ஐந்து நிமிஷம் வரை எடுத்துக்கொள்ளும்.

ஈபி இருக்கிறது, திரையில் எழுத்தும் இருக்கிறது, 'கிரிட் இல்லை' என்கிறது. ஏ.சி. பிரேக்கர் விழுந்திருக்கிறதா பாருங்கள். ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் இரண்டாவது முறை தூக்க வேண்டாம், கருகல் வாசனை பற்றிய பகுதிக்குப் போங்கள். விழவில்லை என்றால் மூன்று பேஸும் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸ் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் நிற்கும். அந்த நேரத்தில் மோட்டார்கள் இழுத்துக்கொண்டு ஓடினால் அதற்கும் இதுதான் காரணம்.

நல்ல வெயில், ஈபி இருக்கிறது, திரை மட்டும் செத்துக் கிடக்கிறது. டி.சி. சுவிட்ச் 'ஆன்' நிலையில்தானா? பெயின்ட் அடிக்க வந்தவர் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார். அதுவும் சரியென்றால் டி.சி. பெட்டியில் ஃபியூஸும், இடியால் பாயும் மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும் சர்ஜ் அரெஸ்டரும். அரெஸ்டரின் சின்ன ஜன்னல் பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் அது தன் உயிரைக் கொடுத்து இன்வெர்ட்டரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒன்றை மாற்றும்போது எர்த் குழியின் ஓம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்கு மேல் இருந்தால் அடுத்த இடிக்குப் புதிய அரெஸ்டரும் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் டி.சி. வோல்ட் உள்ளே வந்து திரை எழவில்லையென்றால் இன்வெர்ட்டருக்குள் கோளாறு. திறக்காதீர்கள். சீல் உடைந்தால் வாரன்டி போச்சு.

## மதியம் மட்டும் நின்று நின்று வருகிறது

பதினொரு மணி வரை நன்றாக ஓடும், அப்புறம் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று நிற்கும், சில நிமிஷத்தில் வரும், மறுபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் துப்பு. மெஷின் ஓடாத நாளில் விளையும் மின்சாரம் முழுக்க லைனில் தள்ளப்படுகிறது. தள்ளத் தள்ள இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் ஏறும். 240 வோல்ட்டுக்கு 110 சதவீதம், அதாவது 264-ஐத் தாண்டினால் அது விலகியே ஆக வேண்டும், விதி அப்படி.

மதியம் ஒரு மணிக்கு, இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில், இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் அளக்கச் சொல்லுங்கள்: இன்வெர்ட்டரின் ஏ.சி. முனை, மெயின் போர்டு.

மெயினில் 246, இன்வெர்ட்டரில் 262. வித்தியாசம் 16 வோல்ட். குற்றவாளி உங்கள் கேபிள்தான். முதலில் எலக்ட்ரீஷியனிடம் லக்குகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு இல்லை. அதற்கும் இறங்காவிட்டால் கேபிள் மெலிது அல்லது தூரம் அதிகம். கூரை ஒரு மூலையில், மெயின் போர்டு மறு மூலையில், நடுவே எண்பது மீட்டருக்கு ஒல்லிக் கேபிள். கொட்டேஷனில் குறைந்த விலை வந்தது எப்படி என்று இங்கேதான் தெரியும்.

மெயினிலேயே 260. கேபிளை விட்டுவிடுங்கள். தாழ்வழுத்த (எல்.டி.) இணைப்பென்றால், ஒரு வாரம் காலை, மதியம், மாலை மூன்று பேஸ் அளவையும் எழுதி, தேதியுடன் ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். "வோல்டேஜ் அதிகமா வருது" என்ற வாய்ப்பேச்சுக்கும் 63 அளவுகள் எழுதிய தாளுக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. உயரழுத்த (எச்.டி.) இணைப்பென்றால் டிரான்ஸ்பார்மர் உங்களுடையது. வோல்ட்டைப் படிப்படியாக மாற்றும் அதன் 'டேப்'பை ஒன்றிரண்டு படி இறக்கினால் போதும், ஆனால் அது சப்ளையை நிறுத்தி உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

சில ஆட்கள் இன்வெர்ட்டருக்குள் புகுந்து வோல்ட் எல்லையை உயர்த்திவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். அந்த வோல்ட் உங்கள் சிங்கர் மெஷின் போர்டுகளுக்கும் சேர்த்துத்தான் போகிறது என்பதை அவர் சொல்லமாட்டார்.

நிற்கவில்லை, ஆனால் மதியம் உற்பத்தி இறங்குகிறது. இது சூடு. இன்வெர்ட்டர் மேற்குச் சுவரில் வெயில் படும்படி இருக்கிறதா? பின்பக்க விசிறியில் பஞ்சு அடைத்திருக்கிறதா? நிட்டிங் ஷெட்டில் மாட்டிய ஒரு இன்வெர்ட்டரின் விசிறியில் இருந்து தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு எடுத்தேன். பெயின்ட் பிரஷும் பத்து நிமிஷமும் போதும். வெளியே மாட்டியிருந்தால் மேலே ஒரு தகர நிழல் போடுங்கள், சுற்றிலும் காற்று போகிற மாதிரி.

## யூனிட் குறைந்துவிட்டது

முதலில், எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது? ஏப்ரலோடு நவம்பரை ஒப்பிட்டால் குறைந்துதான் இருக்கும். போன வருஷம் இதே மாதத்தோடு பாருங்கள். நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு வருஷச் சராசரி நாளொன்றுக்கு நான்கு யூனிட்டை ஒட்டி வரும். 50 கிலோவாட்டுக்கு நல்ல நாளில் 230, 240 பார்க்கலாம். ஐப்பசி அடைமழையில் 60 வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இன்னொன்று: கத்திரி வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்பது எல்லோரும் நம்பும் பொய். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. ஷீட் கொதிக்கும் மே மாதத்தை விட, காற்றும் தெளிவான வானமும் சேர்ந்த மாசி, பங்குனியில் நல்ல எண்ணிக்கை வரும்.

ஒப்பிட்ட பிறகும் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவு என்றால், மதியம் 12 மணிக்கு இன்வெர்ட்டர் திரையில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் ஆம்பியரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பாதை இங்கேதான் பிரிகிறது.

எல்லா ஸ்ட்ரிங்கும் ஒரே அளவுக்குக் குறைவு. அழுக்கு. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் கழுவிவிட்டுப் பக்கத்து ஸ்ட்ரிங்கைத் தொடாமல் விடுங்கள். மறுநாள் மதியம் இரண்டையும் பாருங்கள். ஒரு ஸ்பின்னிங் மில் பக்கத்துக் குடோனில் இப்படிச் செய்தபோது, கழுவியது 12.1, கழுவாதது 10.9 என்று காட்டியது. அதற்கு முன்பு வரை "மழை பெய்ஞ்சா கழுவிக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த முதலாளி அன்று மதியமே ஆள் விட்டார்.

கழுவுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷின் துடைப்பது மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை போதாது. பஞ்சு, சாயப்பட்டறைப் புகை, மெயின்ரோட்டு மண் என்று எது உங்கள் ஊரில் அதிகமோ அதைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்கு ஒருமுறை. காலை ஏழுக்குள் முடிக்க வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரியும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் பட்டை படிந்து, அழுக்கை விட மோசமாக மறைக்கும். ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். மழைத்தண்ணீர்த் தொட்டி இருந்தால் இதற்கென்று ஒதுக்குங்கள். சோப்புப் பவுடர், தேங்காய் நார், பேனல் மேல் ஏறி நிற்பது மூன்றும் வேண்டாம். ஏறி நின்றால் கண்ணாடி உடையாது, உள்ளே செல்லில் முடி போல விரிசல் விடும். தெரிய இரண்டு வருஷம் ஆகும்.

ஒரே ஒரு ஸ்ட்ரிங் குறைவு. அந்த வரிசையில் நிழல் விழுகிறதா என்று காலை ஒன்பது, மதியம், மாலை நாலு மணிக்கு மேலே போய்ப் பாருங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், பொருத்திய சித்திரையில் இல்லாத நிழல் தெற்குக் கைப்பிடிச் சுவரில் இருந்து முதல் வரிசைக்கு வந்துவிடும். புதிதாக முளைத்த சின்டெக்ஸ் தொட்டி, பக்கத்துக் கட்டடத்தின் புது மாடி, வளர்ந்துவிட்ட வேப்பமரம், விளம்பரப் பலகை எல்லாம் இந்த வரிசையில் வரும். ஒரு பேனலின் மூலையில் கை அகல நிழல் பட்டாலே அதன் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் ஒதுங்கிவிடலாம்.

நிழல் இல்லையென்றால் வோல்ட்டைப் பாருங்கள். மற்ற ஸ்ட்ரிங்கை விட ஒரு பேனல் அளவுக்கு, அதாவது நாற்பது வோல்ட் போலக் குறைந்திருந்தால் ஒரு பேனலின் டயோடுகள் (நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிக் கரண்டைக் கடத்திவிடுபவை) போயிருக்கலாம். டெக்னீஷியன் தெர்மல் கேமராவில் பார்த்தால் எந்தப் பேனல் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பேனல் வாரன்டி பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பின்பக்க சீரியல் நம்பரைப் படமெடுத்துக் கேளுங்கள்.

ஒரு ஸ்ட்ரிங்கில் பூஜ்யம். ஃபியூஸ், இல்லையென்றால் கனெக்டர். சர்வீஸில் நான் அதிகம் பார்ப்பது கருகிய எம்சி4-தான். இரண்டு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று மாட்டியிருப்பார்கள். பார்த்தால் பொருந்திய மாதிரி இருக்கும், உள்ளே உலோகம் சரியாகப் பிடிக்காது. அல்லது 'டக்' என்று சத்தம் வரும் வரை தள்ளாமல் விட்டிருப்பார்கள். ஒன்று கருகியிருந்தால் அதே நாளில் அதே கை மாட்டிய மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயில் இருக்கிறது, வரைபடம் மட்டும் தட்டையாக இருக்கிறது. ஆப்பில் மலை மாதிரி வர வேண்டிய கோடு மேசை மாதிரி வருகிறதா? 60 கிலோவாட் பேனலுக்கு 50 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்திருந்தால் 50-இல் தட்டையாவது இயல்பு. 20-இலோ 30-இலோ தட்டையானால், வெளியே அனுப்பாமல் தடுக்கும் ஜீரோ எக்ஸ்போர்ட் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சி.டி. தலைகீழாகவோ தப்பான பேஸிலோ மாட்டியிருந்தால், ஷெட்டில் அத்தனை மெஷினும் ஓடும்போதே இன்வெர்ட்டரின் கழுத்தைப் பிடிக்கும்.

## மழைக்கு மறுநாள் காலை 'இன்சுலேஷன் லோ'

காலையில் எழாது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாக வந்துவிடும். "சரியாயிருச்சு" என்று விட்டுவிடுவீர்கள். அடுத்த மழைக்கு மதியம்தான் வரும். அதற்கடுத்த மழைக்கு வராது. ஒயரில் எங்கேயோ தோல் உரிந்து, ஈரத்தின் வழியாக ஷீட்டுக்கோ ஸ்டாண்டுக்கோ மின்சாரம் கசிகிறது. ரீசெட் பண்ணிப் பண்ணி ஓட்டாதீர்கள். ஷீட்டுக்கு மின்சாரம் போகிறது என்று இயந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கண்ணால் பார்க்கக்கூடியது: ஷீட்டில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் கிடக்கும் கனெக்டர்கள், அவிழ்ந்த கேபிள் டை, பேனல் ஓரத்தில் அறுபட்ட ஒயர், அப்புறம் அணில். எங்கள் பக்கம் அணிலும் எலியும் பேனலுக்கு அடியில் குடித்தனம் நடத்துவது சாதாரணம். கீழே நார், பஞ்சு, கடித்துத் துப்பிய கறுப்புத் துணுக்கு கிடந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

தெரியவில்லையென்றால் டெக்னீஷியன் ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காகக் கழற்றி, எதைக் கழற்றினால் பிழை போகிறது என்று பார்ப்பார். ஸ்ட்ரிங் தெரிந்த பிறகு பேனல் பேனலாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு எளிய கணக்கு இருக்கிறது, உங்களிடம் வரும் ஆளுக்குத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள். போன ஐப்பசியில் ஒரு தறிக்கூடத்தில், ஷீட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த காலை எட்டு மணிக்கு எடுத்த அளவு இது. 18 பேனல் ஸ்ட்ரிங், இன்வெர்ட்டரில் இருந்து கழற்றியது. பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 846 வோல்ட், அதாவது பேனலுக்கு 47. பிளஸுக்கும் எர்த்துக்கும் 564. மைனஸுக்கும் எர்த்துக்கும் 282. 282-ஐ 47-ஆல் வகுத்தால் 6. மைனஸ் முனையில் இருந்து ஆறாவது பேனலுக்கும் ஏழாவதுக்கும் நடுவே போய்ப் பார்த்தோம். ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்தின் கூர்மையான விளிம்பில் ஒயரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆடிக் காற்றில் உரசி உரசிச் செம்பு தெரிந்தது. பழுது இல்லாத ஸ்ட்ரிங்கில் எர்த்துக்கு இப்படி நிலையான அளவு நிற்காது, மெல்ல இறங்கிவிடும். ஈரம் காய்ந்த பிறகு இந்த அளவும் கிடைக்காது. அதனால் ஆள் வர வேண்டியது மழைக்கு மறுநாள் காலை, வெயில் வந்த பிறகு அல்ல.

இன்சுலேஷன் டேப் சுற்றுவது தற்காலிகம்கூட இல்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிய சோலார் கேபிளும் கனெக்டரும் போட வேண்டும். முடித்ததும் இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்து 1 மெகா ஓமுக்கு மேல் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

## யூனிட் வருகிறது, பில் மட்டும் குறையவில்லை

வீட்டில் சோலார் போட்டவர் சொன்ன கணக்கை நம்பிக் கம்பெனியில் போட்டவர்களின் புகார் இது. "இன்வெர்ட்டர் 6000 யூனிட்னு காட்டுது, பில்லில் எக்ஸ்போர்ட் 800தான் இருக்கு, 5200-ஐ யார் எடுத்தது?" நீங்கள்தான். உங்கள் மெஷின் அப்போதே தின்றது ஈபி மீட்டருக்குத் தெரியாது. லைனுக்குப் போகும் மிச்சம்தான் எக்ஸ்போர்ட்டாகப் பதியும்.

ஒரு தாளில் எழுதுங்கள்: பில்லில் உள்ள இம்போர்ட் (ஈபியில் இருந்து எடுத்த யூனிட்), அதோடு இன்வெர்ட்டர் உற்பத்தி, அதில் எக்ஸ்போர்ட்டைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் செலவழித்த மொத்த யூனிட். சோலாருக்கு முந்தைய மாதங்களை விட அது கூடியிருந்தால் நீங்கள் புதிதாக ஏசியோ மெஷினோ சேர்த்திருக்கிறீர்கள். மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கான டிமாண்ட் கட்டணம் குறையாததும் கோளாறு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா மெஷினும் ஓடினால் அந்த உச்சத்துக்குச் சோலார் ஒன்றும் செய்ய முடியாது. வீடு அல்லாத இணைப்புகளின் பில்லில், ஈபி லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் இருக்கலாம். கொட்டேஷன் கொடுத்தவர் அதைக் கணக்கில் சேர்த்தாரா என்று பாருங்கள்.

மீட்டரில் சந்தேகமா? இரவு ஒன்பது மணிக்கு எக்ஸ்போர்ட் எண்ணைப் படமெடுங்கள், காலை ஐந்துக்கு இன்னொரு படம். இருட்டில் எக்ஸ்போர்ட் ஒரு யூனிட்கூட ஏறக்கூடாது. ஏறியிருந்தால் ஏதோ ஒரு பேஸின் சி.டி. தலைகீழ். இரண்டு படத்தையும் சேர்த்து எழுத்தாகக் கொடுங்கள், சீலைத் தொடாதீர்கள்.

பவர் ஃபேக்டர் அபராதம் புதிதாக வருகிறதா? இதுதான் கம்பெனி சோலாரின் தனி வியாதி. மோட்டார்கள் வேலைக்கான கிலோவாட்டோடு, காந்தத்துக்காக 'ரியாக்டிவ்' என்ற மின்சாரத்தையும் இழுக்கும். இழுக்கும் மொத்தத்தில் கிலோவாட்டின் பங்குதான் பவர் ஃபேக்டர். மதியம் உங்கள் ஷெட் 60 கிலோவாட் இழுக்கிறது, மோட்டார்களுக்கான ரியாக்டிவ் 20 கே.வி.ஏ.ஆர். பவர் ஃபேக்டர் 0.95, நிம்மதி. இப்போது சோலார் 45 கிலோவாட் கொடுக்கிறது. ஈபியில் இருந்து 15 கிலோவாட்தான் வருகிறது, ஆனால் அந்த 20 அப்படியே ஈபியில் இருந்து வருகிறது. பவர் ஃபேக்டர் 0.60. மெஷின் மாறவில்லை, கெபாசிட்டர் மாறவில்லை, மீட்டர் பார்க்கும் கணக்கு மாறிவிட்டது. கூடும் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் மாதச் சராசரியைக் கீழே இழுக்கும். உயரழுத்த இணைப்புக்கு 0.90-க்குக் கீழே போனால் அபராதம்.

முதலில், ரியாக்டிவ்வை உள்ளேயே கொடுக்கும் கெபாசிட்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். வீங்கியவற்றை மாற்றுங்கள். அடுத்து, கெபாசிட்டர்களைத் தேவைக்கேற்பத் தானாகச் சேர்த்து விலக்கும் ஏ.பி.எஃப்.சி. ரிலேயின் சி.டி. எங்கே இருக்கிறது? சோலார் வந்து சேரும் இடத்துக்கு ஈபி பக்கமாக இருக்க வேண்டும். சரியான இடத்தில் இருந்தும், மதியம் கரண்ட் ரொம்பக் குறைந்ததும் ரிலே தூங்கிவிடலாம், அல்லது மின்சாரம் திரும்பி ஓடுவதைப் பார்த்துக் குழம்பலாம். அப்போது நான்கு திசையும் புரிகிற ரிலே போட வேண்டும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களே கொஞ்சம் ரியாக்டிவ் கொடுக்கும், அந்த அமைப்பை சர்வீஸ் ஆளால் மாற்ற முடியும். புதிய கெபாசிட்டர் பேனல் வாங்கச் சொல்பவரிடம் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

## ஜெனரேட்டர் போட்டால் ஆட்டம் காட்டுகிறது

ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் சேர்கிறது, விலகுகிறது, இன்ஜின் சத்தம் ஏறி இறங்குகிறது. சுமை குறைந்த ஜெனரேட்டர் 51, 52 ஹெர்ட்ஸில் ஓடும். மெஷின் போட்டதும் 50-க்கு இறங்கும். இன்வெர்ட்டர் 'ஈபி வந்துவிட்டது' என்று நினைத்துச் சேரும். சேர்ந்ததும் ஜெனரேட்டரின் சுமை குறையும், ஹெர்ட்ஸ் 50.5-ஐத் தாண்டும், இன்வெர்ட்டர் விலகும். இதே சுழற்சி நாள் முழுக்க. மெஷின் திடீரென்று நின்றால் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போகும். அதற்கு ஆகும் செலவைச் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஜெனரேட்டர் போடும் முன் சோலார் ஏ.சி. பிரேக்கரை இறக்குங்கள், வாட்ச்மேனுக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். நிரந்தரமாக: சோலார் இணைப்பை சேஞ்ச்ஓவருக்கு (ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்ச்) ஈபி பக்கமாக மாற்றுவது, ஒரு நாள் வேலை. தினமும் பல மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுகிற இடமென்றால் மட்டும் இரண்டையும் சேர்த்து ஓட்டும் கன்ட்ரோலர் கட்டுப்படியாகும். அது ஜெனரேட்டருக்குக் குறைந்தது 30 சதவீதம் போலச் சுமையை விட்டுவைத்து சோலாரை அடக்கும்.

## பிரேக்கர் விழுகிறது, கருகல் வாசனை வருகிறது

வாசனை வந்தால் சோதனை எதுவும் இல்லை. ஏ.சி., டி.சி. என்ற வரிசையில் இறக்குங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். புகையோ தீயோ என்றால் 101. வருகிறவர்களிடம் "மேலே சோலார் இருக்கிறது, பகலில் ஒயர் உயிரோடுதான் இருக்கும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயோடு நீங்கள் ஓடாதீர்கள்.

வாசனை இல்லாமல் மதியம் மட்டும் பிரேக்கர் விழுந்தால்: 50 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் பேஸுக்கு 70 ஆம்பியர் போலத் தள்ளும். 100 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழக்கூடாது. விழுந்தால் லக் சூடாகிறது. எலக்ட்ரீஷியன் துப்பாக்கி மாதிரி இருக்கும் டெம்பரேச்சர் மீட்டரால் மூன்று பேஸையும் பார்க்கட்டும். ஒன்று மட்டும் மற்றதை விட 15, 20 டிகிரி கூடுதல் என்றால் அதுதான். அலுமினியக் கேபிளைச் செம்புப் பட்டையில் நேராக வைத்து இறுக்கியிருந்தால் இது வரும், இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டல் லக் போட வேண்டும். பிரேக்கரைப் பெரிதாக மாற்றிவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

## ஷீட் ஒழுகுகிறது, காற்றில் தடதடக்கிறது

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஸ்டாண்டின் கால் இருக்கிறதா? ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இருந்தால் எதைப் பூசினாலும் நிற்காது. மேட்டில் இருந்தும் ஒழுகினால் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், அதோடு ஸ்க்ரூவை மாற்றி அடியில் பியூட்டைல் டேப் வையுங்கள். மேலே பிதுக்கிவிடும் சிலிக்கான் ஒன்றிரண்டு மழைக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் பலகை போடாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் எங்களுக்குச் சும்மா வந்த பழமொழி இல்லை. வைகாசியிலேயே ஒருமுறை கிளாம்ப் போல்ட்களை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானரால், பேனல் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். கையால் தட்டினால் ஆடுகிற கிளாம்ப் ஒன்று இருந்தாலே அந்த வரிசை முழுக்கப் பார்க்க வேண்டும். காலே ஆடினால், பர்லினில் பிடிக்காமல் வெறும் ஷீட்டில் பிடித்திருக்கிறார்கள். அதை இறுக்கிப் பிரயோஜனமில்லை, கட்டமைப்பு தெரிந்த இன்ஜினியர் பார்க்கட்டும்.

## ஆப்பில் ஒன்றும் தெரியவில்லை

இன்வெர்ட்டர் திரையில் உற்பத்தி ஓடுகிறதா? ஓடினால் பதற வேண்டாம். ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், அல்லது ஆப்புக்குத் தகவல் அனுப்பும் டேட்டா லாகருக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கும்.

## ஆளைக் கூப்பிடும்போது

இன்வெர்ட்டர் திரையில் உள்ள எரர் எண்ணின் படம், அது வந்த நேரம், மதியம் 12 மணிக்கு எழுதிய ஸ்ட்ரிங் ஆம்பியர்கள், கடைசி மூன்று பில், இன்வெர்ட்டர் சீரியல் நம்பர். இந்த ஐந்தையும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிட்டால், வருகிறவர் எந்த ஃபியூஸ், எத்தனை கனெக்டர் எடுத்து வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார். எந்த ஸ்ட்ரிங் எந்த வரிசை என்ற வரைபடம் கேட்பார். பொருத்தியவர் தரவில்லையென்றால், இப்போதே போன் செய்து கேட்டு வாங்கி இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் லேமினேட் பண்ணி ஒட்டிவிடுங்கள். அவர் போன் எடுக்கிற காலம் ரொம்ப நாள் இருக்காது.